பெயரை மாற்றியும் பழைய பெயரே வருகிறதா? கட்டளை வரியில் கணினிப் பெயர்ச் சிக்கல்களைத் தீர்ப்பது

கணினியின் பெயரை மாற்ற ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். சிக்கலெல்லாம் அந்த வரிக்குப் பிறகுதான் வரும். ரீஸ்டார்ட் செய்ததும் பழைய பெயர் திரும்பி வந்து நிற்கும். சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சொல்) தட்டும்போதெல்லாம் சில விநாடிகள் எதுவும் நடக்காது. ரவுட்டர் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். நேற்று வரை திறந்த பிரவுசர் இன்று திறக்காது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தாலும் இவற்றின் வேர் ஒன்றுதான். கணினியின் பெயர் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் நினைவில் ஒன்று இருக்கும். வட்டில் ஒரு கோப்பில் ஒன்று இருக்கும். பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும், ரவுட்டரின் பட்டியலிலும், பக்கத்துக் கணினிகளின் தற்காலிக நினைவிலும் தனித்தனிப் பிரதிகள் இருக்கும். சில புரோகிராம்கள் தமக்கென்று தனியாகவும் குறித்து வைத்திருக்கும். நீங்கள் ஓர் இடத்தில் மாற்றினீர்கள், இன்னோர் இடத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பழைய பெயரைச் சொல்வது எந்த இடம் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியும் அப்படி ஓர் இடத்தைக் காட்டிக்கொடுப்பதுதான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பழைய பெயர் குறிஞ்சி, புதிய பெயர் முல்லை.

முதலில், இப்போது என்ன பெயர் இருக்கிறது?

ஹோஸ்ட்நேம் என்று மட்டும் தட்டினால் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் பெயர் வரும். அதற்குப் பின்னால் எதையும் சேர்க்காதீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் நிர்வாகி உரிமையோடு இருக்கும்போது ஹோஸ்ட்நேம் என்பதற்குப் பின் ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல்லே கணினியின் பெயராகிவிடும். பழைய சோலாரிஸ் கணினிகளில் முழுப் பெயரைப் பார்க்கலாம் என்று நினைத்து ஹோஸ்ட்நேம் -எஃப் என்று தட்டியவர்கள், கணினிக்கு "-எஃப்" என்றே பெயர் வைத்துவிட்டு விழித்திருக்கிறார்கள். லினக்ஸில் அந்தக் கட்டளை முழுப் பெயரைத்தான் காட்டும், பயம் வேண்டாம். ஆனாலும் பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் ஒரே கட்டளை என்பது மனதில் இருக்கட்டும்.

லினக்ஸில் இன்னும் தெளிவாகப் பார்க்க ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்று தட்டுங்கள். ஹோஸ்ட்நேம் என்று எழுதி, அதோடு ஒட்டி சி, டி, எல் ஆகிய மூன்று எழுத்துகள். நிலையான பெயர், தற்காலிகப் பெயர், அழகுப் பெயர் என்று மூன்று வகை உண்டு. நிலையானது /இடிசி/ஹோஸ்ட்நேம் கோப்பில் இருக்கும். தற்காலிகமானது கெர்னலின் நினைவில் இருக்கும். அழகுப் பெயர் மனிதர்கள் படிப்பதற்கு, அதில் இடைவெளியும் தமிழ் எழுத்தும்கூட வரலாம். நிலையானதும் தற்காலிகமானதும் வேறுபட்டால் மட்டுமே இரண்டையும் தனித்தனி வரியில் காட்டும். அப்படி இரண்டு வரி தெரிந்தால், உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிட்டது.

மேக்கிலும் மூன்று பெயர்கள். எஸ்சியூட்டில் என்ற கட்டளையின் பின் --கெட் சேர்த்து, கம்ப்யூட்டர்நேம், லோக்கல்ஹோஸ்ட்நேம், ஹோஸ்ட்நேம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இந்த மூன்று சொற்களிலும் ஒவ்வொரு பகுதியின் முதலெழுத்தும் பெரிய எழுத்து. மூன்றாவது பெயர் வைக்கப்படவில்லை என்று பதில் வந்தால் அது பிழையில்லை. ஆனால் அந்த வெற்றிடம்தான் பின்னால் ஒரு குழப்பத்தைக் கொண்டுவரும், மேக் பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: ரீஸ்டார்ட் செய்ததும் பழைய பெயர் திரும்பி வருகிறது

லினக்ஸில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சூடோ ஹோஸ்ட்நேம் முல்லை என்று தட்டியிருப்பார்கள். உடனே பெயர் மாறிவிடும், மறுபடி கேட்டாலும் முல்லை என்றே வரும். ஆனால் மாறியது கெர்னலின் நினைவில் உள்ள பெயர் மட்டும். வட்டில் உள்ள கோப்பை யாரும் தொடவில்லை. அடுத்த முறை கணினி எழும்போது அந்தக் கோப்பைப் படித்துப் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறது.

நிலையாக மாற்ற:

சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் முல்லை

இது கெர்னலிலும் கோப்பிலும் சேர்த்து மாற்றும், ரீஸ்டார்ட் தேவையில்லை. புதிய பதிப்புகளில் செட்-ஹோஸ்ட்நேம் என்பதற்குப் பதில் வெறுமனே ஹோஸ்ட்நேம் என்று எழுதினாலும் போதும், பழைய வடிவமும் வேலை செய்கிறது. மாற்றியபின் கேட் /இடிசி/ஹோஸ்ட்நேம் என்று தட்டி, கோப்பில் புதுப் பெயர் ஏறிவிட்டதா என்று ஒரு முறை பாருங்கள்.

சிஸ்டம்டி (பல லினக்ஸ் வகைகளில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) இல்லாத லினக்ஸில் இந்தக் கட்டளை இருக்காது. ஆல்பைன் போன்றவற்றில் /இடிசி/ஹோஸ்ட்நேம் கோப்பை நேரடியாகத் திருத்திவிட்டு, சூடோ ஹோஸ்ட்நேம் -எஃப் /இடிசி/ஹோஸ்ட்நேம் என்று தட்டினால் கோப்பில் உள்ளது கெர்னலுக்குப் போகும். இங்கே எஃப் பெரிய எழுத்து, அது முக்கியம். சென்ட்ஓஎஸ் 6 போன்ற பழைய கணினி இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், பெயர் /இடிசி/சிஸ்கான்ஃபிக்/நெட்வொர்க் கோப்பில் இருக்கும்.

சரி, ஹோஸ்ட்நேம்சிடிஎல் கொண்டே மாற்றினேன், கோப்பிலும் முல்லை என்று இருந்தது, ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி குறிஞ்சி என்கிறீர்களா? அப்படியானால் கணினி எழும்போது வேறு யாரோ அந்தக் கோப்பைத் திரும்ப எழுதுகிறார்கள். வாடகைக்கு எடுத்த மேகக் கணினி என்றால் முதல் சந்தேகம் கிளவுட்-இனிட் மீது. சேவை தருபவர் கொடுத்த பெயரை அது கணினிக்குச் சூட்டுகிறது. /இடிசி/கிளவுட்/கிளவுட்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து, பிரிசர்வ்_ஹோஸ்ட்நேம் என்ற வரியைத் தேடி அதன் மதிப்பை ட்ரூ என்று மாற்றுங்கள். அந்த வரியே இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். அதே கிளவுட்-இனிட் அமைப்பில் மேனேஜ்_இடிசி_ஹோஸ்ட்ஸ் என்பது ட்ரூ என்று இருந்தால், ஹோஸ்ட்ஸ் கோப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரிக் கோப்பிலிருந்து புதிதாக எழுதப்படும். ஹோஸ்ட்ஸ் கோப்பின் தலைப்பில் உள்ள குறிப்பைப் படித்தாலே இது தெரிந்துவிடும். பலர் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்த் திருத்திவிட்டு, திருத்தம் காணாமல் போனது ஏன் என்று மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

இன்னொரு வகை, பெயர் ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் வேறு வேறாக வருவது. நிலையான பெயர் வெறுமையாக இருந்தாலோ, லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தாலோ, ரவுட்டர் டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் முறை) வழியாகக் கொடுக்கும் பெயரைக் கணினி தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். நிலையான பெயரை ஒழுங்காக வைத்துவிட்டால் பெரும்பாலும் இது நின்றுவிடும். அதன் பிறகும் நெட்வொர்க்மேனேஜர் (லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) கை வைக்கவே கூடாது என்றால், அதன் அமைப்புக் கோப்பில் மெயின் பகுதியின் கீழ் ஹோஸ்ட்நேம்-மோட் என்பதை நன் என்று வைத்துவிடலாம்.

விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில், அதாவது டபிள்யூஎஸ்எல்லில், கதை வேறு. அது விண்டோஸ் கணினியின் பெயரையே எடுத்துக்கொள்ளும், ஹோஸ்ட்ஸ் கோப்பையும் தானே உருவாக்கும். நிலையாக மாற்ற /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் நெட்வொர்க் என்ற பகுதியின் கீழ் ஹோஸ்ட்நேம் = முல்லை என்று எழுதுங்கள். அதற்குக் கீழே ஜெனரேட்ஹோஸ்ட்ஸ் = ஃபால்ஸ் என்றும் சேர்த்தால் (நடுவில் வரும் ஹெச் பெரிய எழுத்து) ஹோஸ்ட்ஸ் கோப்பும் உங்கள் கையில் இருக்கும். பிறகு விண்டோஸ் பக்கம் வந்து டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன் கொடுத்துவிட்டு மறுபடி திறக்க வேண்டும். லினக்ஸ் ஜன்னலை மூடித் திறந்தால் மட்டும் போதாது.

டாக்கர் கண்டெய்னருக்குள் (ஒரு புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) இருந்துகொண்டு பெயரை மாற்றப் பார்த்தால், முழு உரிமை உள்ள ரூட் ஆக இருந்தாலும் அனுமதியில்லை என்றுதான் வரும். அங்கே தெரியும் 12 எழுத்துப் பெயர், கண்டெய்னர் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகள். கண்டெய்னரைத் தொடங்கும்போதே --ஹோஸ்ட்நேம் முல்லை என்று சேர்த்துவிடுவதுதான் வழி.

அறிகுறி: ஹோஸ்ட்நேம் புதுப் பெயரைச் சொல்கிறது, ஆனால் டெர்மினலில் வரி தொடங்கும் இடத்தில் பழைய பெயர்

இது பிழையே இல்லை. டெர்மினலில் உங்கள் கட்டளைகளைப் படிக்கும் புரோகிராமான பேஷ், தான் தொடங்கும்போது பெயரை ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்கிறது, அதன் பிறகு மறுபடி கேட்பதில்லை. எக்செக் பேஷ் என்று தட்டினாலோ, வெளியேறி மறுபடி உள்ளே வந்தாலோ சரியாகிவிடும்.

சின்ன விஷயம்தான், ஆனாலும் இதை அலட்சியமாக விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு ஜன்னல்களில் நான்கு கணினிகளைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது, எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பதற்கு அந்தப் பெயர் மட்டுமே அடையாளம். ஒரு முறை பெயர் மாற்றிய ஒரு சர்வரில் பழைய ஜன்னலை மூடாமல் விட்டிருந்தேன். பழைய பெயரை அதற்குள் வேறொரு கணினிக்குக் கொடுத்திருந்தோம். ஜன்னலில் தெரிந்த பெயரை நம்பி ரீஸ்டார்ட் கட்டளை கொடுத்தேன், ஓடிக்கொண்டிருக்க வேண்டிய சர்வர் நின்றது. அன்றிலிருந்து பெயர் மாற்றியதும் திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அறிகுறி: சூடோ தட்டினால் "அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்" என்று எச்சரிக்கை, சில விநாடி தாமதம்

கணினிக்கு முல்லை என்று பெயர் வைத்துவிட்டீர்கள். ஆனால் முல்லை என்பது எந்த ஐபி முகவரி என்று அந்தக் கணினிக்கே தெரியவில்லை. சூடோ தன் கணினியின் பெயரை முகவரியாக மாற்றிப் பார்க்க முயல்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் கிடைக்காததால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் நீங்கள் உணரும் தாமதம். பயப்பட வேண்டாம், எச்சரிக்கை வந்தாலும் கட்டளை நடக்கும்.

சூடோ நானோ /இடிசி/ஹோஸ்ட்ஸ் என்று திறந்து பாருங்கள். டெபியன், உபுண்டு போன்றவற்றில் இப்படி இரண்டு வரிகள் இருக்கும்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1 குறிஞ்சி

இரண்டாவது வரியில் உள்ள குறிஞ்சியை முல்லை என்று மாற்றிச் சேமியுங்கள், அவ்வளவுதான். முதல் வரியைத் தொடாதீர்கள். லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதுப் பெயரை எழுதுபவர்கள் உண்டு. எச்சரிக்கை போய்விடும், ஆனால் லோக்கல்ஹோஸ்ட்டை நம்பி ஓடும் டேட்டாபேஸும் வெப் சர்வரும் வேறொரு நாளில் விநோதமாக உடையும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. 127.0.1.1 வரியே இல்லையென்றால் முதல் வரிக்குக் கீழே அதைப் புதிதாகச் சேர்க்கலாம்.

கணினிக்கு டொமைனோடு சேர்ந்த முழுப் பெயர் இருந்தால், அந்த வரியில் முழுப் பெயர் முதலிலும் குறும்பெயர் அடுத்தும் வர வேண்டும். வரிசை மாறினால் ஹோஸ்ட்நேம் -எஃப் (இங்கே சிறிய எஃப்) முழுப் பெயருக்குப் பதில் குறும்பெயரையே காட்டும். மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை மிக முக்கியம்.

சில லினக்ஸ் வகைகளில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எதுவும் எழுதாமலேயே இந்த எச்சரிக்கை வராது. சிஸ்டம்டியின் மைஹோஸ்ட்நேம் என்ற பகுதி கணினியின் சொந்தப் பெயருக்குத் தானே பதில் சொல்லிவிடுவதுதான் காரணம். /இடிசி/என்எஸ்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

ஹோஸ்ட்ஸ் கோப்பை முதலில் திருத்தி, அதன் பிறகு பெயரை மாற்றுவதுதான் என் வழக்கம். புதுப் பெயரைப் பழைய பெயருக்குப் பக்கத்திலேயே ஓர் இடைவெளி விட்டு எழுதிவிட்டால், மாறும் நேரத்தில் இரண்டுமே வேலை செய்யும். எல்லாம் நிலைத்தபின் பழையதை எடுத்துவிடலாம்.

அறிகுறி: பெயரை ஏற்கவே மறுக்கிறது

ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு இவை மட்டுமே பாதுகாப்பானவை. நடுக்கோடு முதலிலும் கடைசியிலும் வரக்கூடாது. அடிக்கோடு வேண்டாம். சில கணினிகள் அதை ஏற்றுக்கொண்டாலும், வேறு ஏதாவது மென்பொருள் பிற்பாடு மறுக்கும். புள்ளி டொமைனைப் பிரிப்பதற்கு என்பதால் குறும்பெயரில் அதையும் தவிருங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் டிஎன்எஸ்ஸுக்கு ஒன்றுதான், ஆனால் எல்லா மென்பொருளும் அப்படி நினைப்பதில்லை. சிறிய எழுத்திலேயே வைப்பது நல்லது.

நீளத்தைப் பொறுத்தவரை டிஎன்எஸ் ஒரு பகுதிக்கு 63 எழுத்து வரை விடும், லினக்ஸ் கெர்னல் 64 வரை விடும். இரண்டையும்விட நடைமுறையில் உங்களைக் கட்டுப்படுத்துவது விண்டோஸின் நெட்பயாஸ் பெயர் (உள் நெட்வொர்க்கில் விண்டோஸ் கணினிகள் ஒன்றையொன்று அழைக்கும் பழைய முறையின் பெயர்), அதற்கு 15 எழுத்துதான். விண்டோஸ் கணினிகள் உள்ள நெட்வொர்க்கில் எந்தக் கணினிக்கும் 15-ஐத் தாண்டாத பெயராக வையுங்கள்.

தமிழில் பெயர் வைக்க ஆசை இருந்தால் லினக்ஸின் அழகுப் பெயரிலும், மேக்கின் கம்ப்யூட்டர்நேமிலும் வைக்கலாம். லினக்ஸில் சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் --பிரெட்டி என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் தமிழ்ப் பெயர். வலையமைப்பில் அழைக்கும் பெயர் மட்டும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும்.

அறிகுறி: விண்டோஸில் கட்டளை கொடுத்தும் மாறவில்லை

ஹோஸ்ட்நேம் முல்லை என்று தட்டினால், இந்தக் கட்டளையால் மாற்ற முடியாது, கண்ட்ரோல் பேனலுக்குப் போ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். விண்டோஸில் ஹோஸ்ட்நேம் பார்ப்பதற்கு மட்டும்தான். மாற்ற வேண்டுமென்றால் பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து:

ரீநேம்-கம்ப்யூட்டர் -நியூநேம் முல்லை -ரீஸ்டார்ட்

கடைசிச் சொல்லைச் சேர்த்தால் உடனே ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் கோப்புகளை முன்னதாகவே சேமித்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் மாற்றம் எழுதி வைக்கப்படும், ஆனால் அடுத்த ரீஸ்டார்ட் வரை நடைமுறைக்கு வராது. கணினியை அணைத்துப் போடாமல் மூடி மூடி வைப்பவர்கள் பல நாள் கழித்தும் பழைய பெயரே இருக்கிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். டபிள்யூஎம்ஐசி கொண்டு மாற்றும் பழைய வழி இன்னும் பல இடங்களில் சொல்லப்படுகிறது. அது கைவிடப்பட்ட கருவி, அதை நம்ப வேண்டாம்.

அணுகல் மறுக்கப்பட்டது என்று வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறக்கவில்லை என்பது எளிதான காரணம். கணினி ஒரு நிறுவன டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிக் கூட்டம்) சேர்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. அப்போது உங்கள் கணினியில் மட்டும் மாற்றினால் போதாது, டொமைன் வைத்திருக்கும் கணக்கிலும் பெயர் மாற வேண்டும். அதற்கு உரிமை உள்ளவரின் கணக்கை -டொமைன்கிரெடென்ஷியல் என்ற விருப்பத்தோடு தர வேண்டும். உரிமை இல்லாமல் டொமைனிலிருந்து கணினியைப் பிரித்து மறுபடி சேர்க்கும் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். பிரித்தபின் உள்ளே நுழைய உள்ளூர் நிர்வாகியின் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் வெளியே நின்றவர்கள் பலர்.

பெயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது மேலே சொன்ன 15 எழுத்துக் கணக்கு. எக்கோ %கம்ப்யூட்டர்நேம்% என்று கட்டளைச் சாளரத்தில் கேட்டால் நெட்பயாஸ் பெயர் வரும், 15 எழுத்தோடு நின்றிருக்கும். ஹோஸ்ட்நேம் என்று கேட்டால் முழுதாக வரும். இரண்டும் வேறுபட்டால் சின்னப் பெயராக மாற்றிவிடுங்கள். முதல் 15 எழுத்தும் ஒன்றாக இருக்கும் இரண்டு கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் வந்தால் மோதிக்கொள்ளும்.

அந்த மோதல் நடந்துவிட்டால், இதே பெயர் நெட்வொர்க்கில் ஏற்கெனவே இருக்கிறது என்று செய்தி வரும். நிகழ்வுப் பதிவில் 4319 என்ற எண் இருக்கும். என்பிடிஸ்டாட் -என் என்று தட்டினால், எந்தப் பெயர் மோதுகிறதோ அதற்கு எதிரே கான்ஃப்ளிக்ட் என்று தெரியும். இரண்டில் ஒன்றின் பெயரை மாற்றிவிட்டு, என்பிடிஸ்டாட் -ஆர்ஆர் (இரண்டு ஆரும் பெரிய எழுத்து) கொடுத்தால் பெயர்கள் புதிதாகப் பதிவாகும்.

அறிகுறி: மேக்கில் பெயர் தானாக மாறுகிறது

இரண்டு விதமாக நடக்கும். பெயரின் வாலில் -2 என்று ஒட்டிக்கொள்வது ஒன்று. நெட்வொர்க்கில் அதே பெயரில் இன்னொரு கணினி இருப்பதாக மேக் நினைக்கும்போது இப்படிச் செய்கிறது. பல சமயம் அந்த இன்னொரு கணினி அதுவேதான், வைஃபையிலும் கேபிளிலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும். இரண்டில் ஒன்றை நிறுத்திவிட்டுப் பெயரை மறுபடி வையுங்கள்.

மற்றொன்று, வெளியிடத்து நெட்வொர்க்கில் இணைந்ததும் டெர்மினலில் யாரோ ஒருவருடைய கணினியின் பெயர் தெரிவது. யாரும் உள்ளே நுழைந்துவிடவில்லை. மூன்றாவது பெயரான ஹோஸ்ட்நேம் வெறுமையாக இருக்கும்போது, அந்த நெட்வொர்க் சொல்லும் பெயரை மேக் எடுத்துக்கொள்கிறது. மூன்றையும் நீங்களே எழுதிவிடுங்கள்:

சூடோ எஸ்சியூட்டில் --செட் ஹோஸ்ட்நேம் முல்லை

இதே போல லோக்கல்ஹோஸ்ட்நேமுக்கும் கம்ப்யூட்டர்நேமுக்கும் ஒவ்வொரு முறை. முதலெழுத்துகள் பெரியவை என்பதை மறக்க வேண்டாம். பிறகு சூடோ டிஎஸ்கேஷ்யூட்டில் -ஃபிளஷ்கேஷ் கொடுத்து, டெர்மினலை மூடித் திறங்கள்.

அறிகுறி: இந்தக் கணினியில் எல்லாம் சரி, மற்றவர்களுக்குப் பழைய பெயர்தான் தெரிகிறது

உங்கள் கணினி ஐபி முகவரி கேட்கும்போது, டிஹெச்சிபி கோரிக்கையின் 12-ஆம் விருப்பமாகத் தன் பெயரையும் சேர்த்து அனுப்புகிறது. ரவுட்டர் அதைத்தான் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. நீங்கள் பெயரை மாற்றியபின் புதிதாக முகவரி கேட்கவில்லையென்றால், அதற்குத் தெரிய வழியில்லை. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், அப்புறம் ஐபிகான்ஃபிக் /ரென்யூ. நெட்வொர்க்மேனேஜர் உள்ள லினக்ஸில் என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் அப் என்று எழுதி இணைப்பின் பெயரைக் கொடுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், இணைப்பு அறுந்தால் திரும்பி வர வழி இருக்காது. ரவுட்டரில் யாராவது கையால் பெயர் எழுதி வைத்திருந்தால், அதை ரவுட்டருக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

முல்லை.லோக்கல் என்று அழைப்பவர்களுக்கு ரவுட்டர் ஒரு பொருட்டே இல்லை. அந்த அழைப்பு 224.0.0.251 என்ற முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட் வழியாக நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி போகும், பெயருக்கு உரிய கணினி தானே பதில் சொல்லும். லினக்ஸில் அந்தப் பதிலைச் சொல்வது அவாஹி. சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அவாஹி-டீமன் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பழைய பெயர் என்றால் அவாஹியின் அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட்-நேம் என்ற வரியில் யாரோ பெயரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பதிலே வரவில்லையென்றால் ஃபயர்வாலில் 5353-ஐப் பாருங்கள். வேறு சப்நெட்டில் (ரவுட்டருக்கு அப்பால் உள்ள நெட்வொர்க் பகுதி) இருந்து அழைத்தாலும் பதில் வராது, அந்த அழைப்பு ரவுட்டரைத் தாண்டுவதில்லை.

கேட்பவர்களின் கணினியில் பழைய பதில் தேங்கியிருக்கலாம். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ், லினக்ஸில் ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேஷஸ்.

அறிகுறி: பெயர் மாறியபின் ஏதோ ஒரு புரோகிராம் திறக்கவில்லை

குரோம் அல்லது குரோமியம், இந்தப் புரொஃபைல் வேறொரு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லித் திறக்காமல் போகும். லினக்ஸில் இது அடிக்கடி நடக்கும். பிரவுசர் திறந்திருந்தபோது சிங்கிள்டன்லாக் என்ற பூட்டில் பழைய கணினிப் பெயரை எழுதி வைத்தது. இப்போது பெயர் வேறு என்பதால் பூட்டு இன்னொரு கணினியுடையது என்று நினைக்கிறது. பிரவுசர் எங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உங்கள் முகப்புக் கோப்புறையின் .கான்ஃபிக் உள்ளே கூகுள்-குரோம் அல்லது குரோமியம் கோப்புறையில் இருக்கும் அந்த ஒரு கோப்பை மட்டும் அழியுங்கள். புரொஃபைல் முழுவதையும் அழிக்க வேண்டாம், அதில்தான் உங்கள் புக்மார்க்குகள் இருக்கின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் வரைகலைச் சூழலில் பெயரை மாற்றியதும் புது ஜன்னல் எதுவும் திறக்கவில்லை, திரையைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வருகிறது என்றால், லினக்ஸில் திரையை வரையும் எக்ஸ் சர்வரின் அனுமதிச் சீட்டில் பழைய பெயர் இருக்கிறது. வெளியேறி உள்ளே வந்தால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கலங்கவைப்பது ரேபிட்எம்கியூ, புரோகிராம்களுக்கிடையே செய்திகளை வரிசையில் வைத்துக் கடத்தும் மென்பொருள். பெயர் மாற்றிவிட்டுச் சேவையைத் தொடங்கினால் எல்லா வரிசைகளும் எல்லாப் பயனர்களும் காணாமல் போயிருக்கும். தரவு அழியவில்லை. அது தன் தரவுக் கோப்புறைக்கே கணினிப் பெயரைச் சேர்த்து, ரேபிட்@குறிஞ்சி என்று பெயர் வைக்கும். இப்போது ரேபிட்@முல்லை என்று வெறும் கோப்புறை ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. பதற்றத்தில் எதையும் நீக்காதீர்கள். சேவையை நிறுத்தி, கணினிப் பெயரைக் குறிஞ்சிக்கே திருப்பி, சேவையைத் தொடங்கினால் பழையது அப்படியே இருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அதன் அமைப்பில் நோட்நேம் என்பதைப் பழைய பெயரிலேயே நிலையாக எழுதி, ஹோஸ்ட்ஸ் கோப்பில் குறிஞ்சி என்ற பெயரும் இதே கணினியைக் காட்டும்படி விட்டுவைத்து, அதன் பிறகு கணினிப் பெயரை மாற்றுங்கள். குபர்நெட்டிஸ் (கண்டெய்னர்களைப் பல கணினிகளில் நடத்தும் மென்பொருள்) கணினிகளையும் ஓடும்போது பெயர் மாற்றாதீர்கள். கூட்டத்திலிருந்து விலக்கி, பெயர் மாற்றி, புதிதாகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: எஸ்எஸ்எச் எச்சரிக்கை செய்கிறது

பெயர் மாற்றுவதால் சர்வரை அடையாளம் காட்டும் சாவி மாறாது. புதுப் பெயரில் முதல் முறை இணையும்போது, இந்தக் கணினியை இதுவரை பார்த்ததில்லை, தொடரலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும். அது இயல்பு. இதே சாவி வேறு பெயரில் ஏற்கெனவே தெரியும் என்று புதிய பதிப்புகள் அங்கேயே சொல்லிவிடும். பழைய பெயரைத்தான் காட்டுகிறது என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் கத்தினால் மட்டும் நிதானியுங்கள். பழைய பெயரை இன்னொரு கணினிக்குக் கொடுத்திருந்தால் இது வரும். அப்படி நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் குறிஞ்சி (ஆர் பெரிய எழுத்து) என்று தட்டி, பழைய பதிவை நீக்குங்கள். தெரியாவிட்டால் இணையாதீர்கள். அந்தக் கணினிக்கு நேரில் அணுகல் உள்ள ஒருவரிடம் எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் கட்டளையால் பொதுச் சாவியின் கைரேகையைப் படித்துச் சொல்லச் சொல்லி, உங்கள் திரையில் தெரிவதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பொருந்தினால் பழைய பதிவை நீக்கிவிட்டு இணையலாம். பொருந்தவில்லையென்றால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது வேறொரு கணினியோடு, கடவுச்சொல்லைத் தட்டிவிடாதீர்கள்.